மிண்டாத வகுப்பு

பிஜியப் பத்தி யாரு கேட்டாலும் நான் முதல்ல சொல்லுறது, அவளுக்கு ஒரு இடத்துல இருக்க ஒக்காது, முடியவே முடியாதுன்னுதான். சாயா குடிக்க எங்க கடைக்கு வந்தா கிளாசக் கையில வச்சுக்கிட்டு வாசலுக்கும் மேசைக்குமா நடப்பா. பாதி சாயா தரையில கிடக்கும். துடைக்கது நானாக்கும். கொஞ்சம் இரிங்க டீச்சரே, கால் ஒண்ணும் ஓடிப் போவாதுன்னு சொன்னா இருப்பா. நான் போன் பேசினவங்களுக்கு பில்லு கிழிச்சுக் குடுத்துட்டுத் திரும்பினா எழும்பியிருப்பா. வயசுல எனக்கு இளையவ, அதனால அவ இவன்னு சொல்லுதேன். நேர்ல டீச்சர்னுதான் கூப்பிடுவேன்.

எங்க கடைன்னா குன்னத்துகால் தாண்டி எல்லை முக்குல ஒரு எஸ்.டி.டி. பூத்து, கூட ஒரு போட்டோஸ்டாட் மெசினு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. எதிர்வீட்டு ஈசாக்கு, மைக்செட்டு வாடகைக்கு விடுறவரு, அவருக்கு ஓட்டு அங்க, எனக்கு ஓட்டு இஞ்ச. மத்தபடி ரெண்டு பக்கமும் இதே பேச்சுதான். எனக்க வீட்டுக்காரரு தாணுமாலயன் ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டத்துக்கு வெடியால போனா அந்தியிலதான் வருவாரு. கடை முழுக்க எனக்க தலையில. மாடி ரூம் சும்மா கிடந்தது. தொண்ணூத்தாறுலன்னு ஓர்மை, பிஜி வந்து அத வாடகைக்குக் கேட்டா. கம்ப்யூட்டர் படிப்பிக்கப் போறாளாம். இந்த முக்குல யாரு வந்து படிப்பான்னு நினைச்சுக்கிட்டே சாவியக் குடுத்தேன்.

அவளுக்கு ஊரு பாறசாலைப் பக்கம். பழைய மிஷன் சபைக்காரங்க. அப்பா சுந்தரதாஸ் உபதேசியாரு. ஒரு சபையில கொஞ்ச காலம், பிறகு வேற சபைன்னு மாத்திக்கிட்டே இருந்ததுனால பிள்ளையும் ஊரு ஊரா பள்ளிக்கூடம் மாறியிருக்கா. போற இடமெல்லாம் புதுப்பிள்ளைன்னு கடைசி பெஞ்சுல இருத்துவாங்களாம். அங்க இருந்தா போர்டும் தெரியாது, டீச்சர் சொல்லுறதும் பாதிதான் கேக்கும். எழும்பி முன்னால வந்து நின்னா அடி. அந்தத் தேச்சியமும் கோவமும் அவளுக்கு இன்னும் தீரல்ல பாத்துக்கிடுங்க.

பட்டம் வாங்கி, கம்ப்யூட்டரும் படிச்சு, திருவனந்தபுரத்துல ஒரு சென்டர்ல வேலைக்குப் போயிருக்கா. ஏசி ரூம். செருப்பு வெளிய. மெசினுக்குப் பூப்போட்ட துணி மூடி வச்சிருப்பாங்களாம், நம்ம கல்யாண வீட்டுல பலகாரத்த மூடி வைக்கது மாதிரி. சேர்ந்த பிள்ளைக முதல் மாசம் முழுக்க அதத் தொடப்படாது, நோட்டுல எழுதணும். புஸ்தகம் மொத்தம் இங்கிலீஷு. ஒண்ணும் விளங்காம முழிச்ச பிள்ளைகளுக்கு இவ மத்தியானச் சோத்து நேரத்துல துணிய எடுத்துட்டு மெசினத் தொட விட்டிருக்கா. மேனேஜரு கண்டு ஏசினாரு. இவ சும்மா இருப்பாளா, ரெண்டு பதில் சொல்லிட்டு எறங்கி வந்துட்டா. அடுத்த சென்டர்லயும் அதே கதை. பிறகுதான் ஏதோ ஆபீசுல கழிச்சுப் போட்ட ரெண்டு கம்ப்யூட்டர ஜீப்புல ஏத்திக்கிட்டு எனக்க மாடிக்கு வந்தது. துணியும் கிணியும் ஒண்ணும் கொண்டு வரல்ல.

இனி எனக்க மொவளச் சொல்லணும். நந்தனா. பிறவியிலேயே காது கேக்காது. திருவனந்தபுரத்துல காது கேக்காத பிள்ளைகளுக்கு உள்ள பள்ளிக்கூடத்துல தங்கிப் படிச்சு பத்து பாசாயிட்டு வந்தா. மலையாளம் எழுதுவா, வாசிப்பா, கொஞ்சம் இங்கிலீஷும் உண்டு. முகத்த நேராப் பாத்து மெதுவாப் பேசினா உதட்ட வச்சுப் பிடிச்சுக்கிடுவா. அவளுக்கும் சத்தம் உண்டு. வீட்டுக்குள்ள பேசுவா. கொஞ்சம் கரகரன்னு, ஏத்த இறக்கம் இல்லாம இருக்கும், ஆனா விளங்கும். சின்னதுல பஸ் ஸ்டாப்புல வச்சு ரெண்டு பயலுவ அந்தச் சத்தத்த அப்படியே பேசிக் காட்டிச் சிரிச்சானுவ. அதுக்குப் பிறகு ரோட்டுல எறங்கினா வாயத் தெறக்க மாட்டா. யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லுறது நான். பிள்ளைக்குப் பேரென்ன, வயசென்ன, தண்ணி வேணுமா, எல்லாத்துக்கும் நான்.

பத்து முடிச்சுட்டு வந்து போட்டோஸ்டாட் மெசினுக்குப் பின்னால இருந்தா. காப்பி எடுத்துக் குடுப்பா, அவ்வளவுதான். அவ அப்படி இருக்கதப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு வெப்ராளம். எனக்குப் பிறகு இவளுக்கு யாரு பேசுவான்னு நினைச்சா சோறு எறங்காது. அப்போதான் நெய்யாற்றின்கரையில டி.டி.பி. கடை வச்சிருக்க ஒருத்தரு சொன்னாரு, கம்ப்யூட்டர் சர்ட்டிபிக்கெட்டு இருந்தா நான் வேலைக்கு எடுக்கேன், அச்சடிக்கதுக்குக் காது எதுக்குன்னு. நான் அன்னைக்கே மாடிக்குப் போயி பிள்ளையச் சேத்து விட்டேன்.

முதல் வாரமே நந்தனா படியில தடதடன்னு எறங்கி வந்து புஸ்தகத்தத் தூக்கி எறிஞ்சா. கையால காட்டினா: டீச்சர் நடக்கா, நடக்கா, நடக்கா. எனக்கு விளங்கிப் போச்சு. பிஜி ஜன்னலப் பாத்துப் பேசுவா, சுவரப் பாத்துப் பேசுவா, மெசினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுவா. காது உள்ளவனுக்கு அது சரி. எனக்க பிள்ள அந்த முகத்த எங்க போய்த் தேடும்? எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துட்டு. நேரா மாடிக்கு ஏறினேன்.

"கடைசி பெஞ்சுல இருந்து ஒண்ணும் கேக்கலன்னு இப்பவும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறியளே டீச்சரே. எனக்க மொவளுக்கு இந்த ரூம் முழுக்கக் கடைசி பெஞ்சாக்கும்."

அவ நின்னுட்டா. அந்த ஒரு தடவதான் அவ அனங்காம நின்னு நான் கண்டது. சரி அக்கான்னு மட்டும் சொன்னா.

மறுநாள் போர்டுக்கு முன்னால சாக்பீசால ஒரு கட்டம் வரைஞ்சு வச்சு அதுக்குள்ள நின்னு பாடம் நடத்தினா. மூணாவது வாக்கியத்துல ஒரு கால் வெளிய. பிள்ளைக எல்லாம் 'டீச்சர், கோடு'ன்னு சத்தம் போடும். திரும்ப உள்ள போவா. ஒரு மணிக்கூறுல அவளுக்கு வேர்த்து ஒழுகிட்டு. பாடமும் நடக்கல்ல, நடையும் நடக்கல்ல. கீழ வந்து சாயா குடிக்கும்போ அழாத குறை. எனக்கே பாவமாப் போச்சு.

பிறகு அவளே ஒண்ணு கண்டுபிடிச்சா. வகுப்புல முதல் பாதி நேரம் யாரும் மிண்டப்படாது. டீச்சர் உட்பட ஒருத்தரும் வாயத் தெறக்கப்படாது. ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் தெறந்து கிடக்கும். டீச்சர் பாடத்த அதுல அடிப்பா. சந்தேகம் உள்ளவங்க வரிசையா வந்து கீழ அடிக்கணும். பதிலும் அதுலேயேதான். பதில் தெரிஞ்சவங்க யாரும் அடிக்கலாம், டீச்சர்தான் அடிக்கணும்னு இல்ல. பாஷையும் எதா இருந்தாலும் சரி. இங்கிலீஷ் எழுத்த வச்சு மலையாளம் அடிப்பாங்க, நம்ம பேச்சு அடிப்பாங்க, ரெண்டும் கலந்து அடிப்பாங்க. பிஜி பின்னால இஷ்டத்துக்கு நடந்துக்கிட்டே இருப்பா, இப்போ அது யாருக்கும் இடைஞ்சல் இல்ல. சத்தமில்லாத வகுப்புக்கு எதுக்குப் பணம் கட்டணும்னு கேட்டு ரெண்டு பேரு பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போனதும் உண்டு. போகட்டும்னுட்டா.

நடந்தது என்னன்னா, நந்தனாவுக்காகக் கொண்டு வந்தது மத்தவங்களுக்கும் பிடிச்சுப் போச்சு. சரோஜம்னு ஒருத்தி, நாப்பது தாண்டினவ, அண்டியாபீசுல முந்திரிக்கொட்டை தல்லி உடைக்கிற வேலை. சேர்ந்து ஒரு மாசமா வாயே தெறக்காதவ. கீபோர்டுல கை வைக்கச் சொன்னா பிறகு பிறகுன்னு சொல்லி ஒதுங்கிருவா. மிண்டாத நேரத்துல ஒருநாள் பின்னால கையக் கட்டிக்கிட்டு நின்னவ, திடீர்னு போயி ஒத்த விரலால அடிச்சிருக்கா: எனக்க கை முழுக்க அண்டிப்பால் பட்டு கறுத்துப் பொள்ளிக் கிடக்கு, இந்த வெள்ளைச் சாதனத்துல வைக்க வெக்கமா இருக்கு, அழுக்காவுமா? அத முதல்ல வாசிச்சது நந்தனா. எழும்பிப் போயி அந்தக் கையப் பிடிச்சு கட்டைகளுக்கு மேல பரத்தி வச்சுக் குடுத்திருக்கா. பிஜி எங்கிட்ட இதச் சொல்லும்போ மூக்கச் சிந்தினா. பொழியூர்ல இருந்து வாற எபின்னு ஒரு பயல், வள்ளத்துல மீன் பிடிக்கப் போயிட்டு வந்து கிளாஸ்ல இருந்து உறங்குறவன், அவன்கூட கேள்வி அடிக்கத் தொடங்கிட்டான்.

அந்தப் பக்கத்தையெல்லாம் பிஜி சேத்து வச்சு பாடமா ஆக்கினா. வேற சென்டர்ல படிக்கிற பிள்ளைக பிளாப்பி கொண்டு வந்து கேட்டாலும் காப்பி போட்டுக் குடுப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். நீங்க மண்டைய உடைச்சு உண்டாக்கினத ஊரான் சும்மா கொண்டு போறானேன்னு கேட்டா, எனக்குக் கேக்காமப் போனது அவனுக்காவது கேக்கட்டும் அக்கான்னு சொல்லிட்டு நடப்பா. அவகிட்ட மல்லுக்கு நிக்க ஒக்காது.

அப்படி இருக்கும்போதான் பரீச்சை வந்தது. திருவனந்தபுரத்துல இருந்து ஒரு சார் வந்து நடத்துவாரு. மெசினுல செய்து காட்டணும், பிறகு அவரு வாயால கேக்குறதுக்கு வாயால பதில் சொல்லணும். ரெண்டும் பாசானாத்தான் சர்ட்டிபிக்கெட்டு. விட்டா அடுத்த வருசம். அது வரைக்கும் டி.டி.பி. கடைக்காரரு காத்திருக்க மாட்டாருன்னு சொல்லிட்டாரு. எனக்கு அந்த வாரம் முழுக்க உறக்கம் இல்ல.

சார் வந்தப்போ மத்தியானம் தாண்டிட்டு. மீசை மேலுதட்ட மூடிக் கிடந்தது. தலையக் குனிஞ்சு பேப்பரப் பாத்துக்கிட்டே பேசுறவரு. நந்தனா மெசினுல செய்ய வேண்டியத செய்து முடிச்சா. வாய்ப் பரீச்சைன்னு வந்ததும் பிஜி போயி விசயத்தச் சொன்னா, இவளுக்குக் கேள்விய அடிச்சுக் காட்டுங்க, அவ பதில அடிப்பான்னு. அப்படிச் செய்ய ரூல்ல எடமில்லன்னாரு. செய்யப்படாதுன்னு ரூல்ல உண்டான்னு இவ கேட்டா. அவரு யோசிச்சுட்டு, கடைசியாப் பாக்கலாம், மத்தவங்க முடியட்டும்னாரு.

மத்தவங்க முடிஞ்சதும் நானும் மேல ஏறி வாசல்ல நின்னேன். நந்தனா போயி மெசினுக்கு முன்னால இருக்கவும் கரண்டு போச்சு. அந்த வருசம் கேரளத்துல மழை சரியில்லன்னு அந்திக்கு அரை மணிக்கூறு பவர் கட்டு. அன்னைக்கு எங்க பக்கத்துக்கு முறையில்லாத நேரம், ஆனாலும் போச்சு. மெசினுக்குக் கீழ ஒரு பாட்டரிப் பெட்டி உண்டு, அது கீ கீன்னு கத்திட்டு அடங்கிட்டு. திரை கறுத்துப் போச்சு. ரூமுக்குள்ள முகம் தெரியல்ல. சார் பேப்பரக் கட்டினாரு. கடைசி பஸ்ஸு உண்டு, வாய்ப் பரீச்சைக்குக் கரண்டு தேவையில்ல, இருட்டுல கேக்கேன், சொன்னா சொல்லட்டும், இல்லாட்டி ஆப்சென்ட்டுன்னு எழுதுவேன்னாரு. மெழுகுவத்தி கொளுத்தித் தாள்ல எழுதட்டும்னு பிஜி கேட்டதுக்கு, எழுத்துப் பரீச்சைக்கு அனுமதி இல்லன்னுட்டாரு. நந்தனா எங்களோட நிழல மாறி மாறிப் பாத்தா. அவளுக்கு அந்த இருட்டுல ஒண்ணுமே இல்ல, உதடும் இல்ல, எழுத்தும் இல்ல.

எனக்கு அந்த ஆளப் பிடிச்சு நாலு சாத்து சாத்தணும்போல இருந்தது. பிஜி ஜன்னலுக்குப் போனா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஈசாக்கு வீட்டுல டியூப்லைட்டு எரியுது. தமிழ்நாட்டுக் கரண்டு.

மெசினத் தூக்கி அங்க கொண்டு போகலாம்னு முதல்ல கேட்டா. சார் கையெடுத்துக் கும்பிட்டாரு. தமிழ்நாட்டுல வச்சுப் பரீச்சை நடத்தினா நாளைக்கு எனக்க வேலை போவும், இந்த ரூமுக்குத்தான் அனுமதின்னாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. அப்போ பிஜி சொன்னா, "ரூம் இஞ்சயே இருக்கட்டும் சார். கரண்டு இஞ்ச வரும்."

ஈசாக்குக்கிட்ட மைக்செட்டு வயர் சுருள் சுருளா கிடக்கும். அவரு ஒண்ணும் கேக்காம எடுத்துட்டு வந்தாரு. அவரு வீட்டு பிளக்குல இருந்து ரோட்டுக்குக் குறுக்க எங்க மாடி ஜன்னல் வரை இழுத்தாச்சு. ரோட்டுல போட ஒக்காது, முந்தின நாள் பேருக்குப் பெய்த மழைத் தண்ணி கெட்டிக் கிடக்கு, கல்லு லாரி வேற போவும். தேங்கா பறிக்கிற தோட்டிக் கம்ப எடுத்து வயரத் தூக்கிப் பிடிச்சோம். அங்க ஈசாக்கு, நடுவுல எபின், இஞ்ச நானும் சரோஜமும். கேரளத்துல இருக்க மெசினு தமிழ்நாட்டுக் கரண்டுல உயிர் பிடிச்சு ஜன்னல்ல நீலமா வெளிச்சம் வந்தது. தப்பான காரியம்தான். ரெண்டு கரண்டாபீசுக்காரனும் கண்டா ரெண்டு பேரும் பிடிப்பான். அப்போ அதெல்லாம் யாரு நினைச்சா?

சார் ஒரு காரியத்துல மட்டும் பிடிவாதமா நின்னாரு. பரீச்சை நடக்கும்போ டீச்சரும் இருக்கப்படாது, தாயும் இருக்கப்படாது. பிஜியையும் கீழ எறக்கி விட்டுட்டாரு. மேல அவரும் நந்தனாவும் மட்டும்.

எனக்க உயிரு எனக்குள்ள இல்ல. பத்தொம்பது வருசத்துல யாரு என்ன கேட்டாலும் அவளுக்கு முன்னால நான் நிப்பேன். இப்போ நான் ரோட்டுல கம்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், அவ மேல ஒத்தைக்கு. பிஜி வயருக்கு அடியில கேரளத்துல இருந்து தமிழ்நாட்டுக்கு நடந்தா, தமிழ்நாட்டுல இருந்து கேரளத்துக்கு நடந்தா. எனக்குத் தலை சுத்திட்டு. ஒரு இடத்துல நில்லுங்களேன்னு கத்தினேன்.

"நிக்க ஒக்கல்ல அக்கா. கேள்வி விளங்கல்லன்னா அவ திரும்பி என்னப் பாப்பா. நான் அங்க இல்லையே."

எனக்க மனசுல கிடந்ததும் அதுதான். ரெண்டு பேரும் ஜன்னலப் பாத்தோம். வெளிச்சம் மட்டும் தெரியுது.

கொஞ்ச நேரத்துல எங்க பக்கம் கரண்டு வந்துட்டு. எனக்க கடை லைட்டு எரியுது. ஆனா பிளக்க மாத்தினா மெசினு அணைஞ்சு அடிச்சதெல்லாம் போயிரும், அதனால கம்பத் தாழ்த்த ஒக்கல்ல. அந்த நேரம் பாத்து வெள்ளறடைக்குப் போற பஸ்ஸு வந்து வயருக்கு முன்னால நின்னு ஆரன் அடிச்சான். வீட்டுக்குள்ள இருந்தவனெல்லாம் வாசலுக்கு வந்துட்டான். மேல ஜன்னல்ல ஒரு அனக்கமும் இல்ல. டிரைவர் தலைய நீட்டி ஏசினான், இது என்ன ரோடா, உங்க வீட்டு முத்தமான்னு. கையி கடுத்து விண்ணு விண்ணுன்னு இருக்கு, நான் கம்ப விடல்ல.

"எனக்க பிள்ளைக்குப் பரீச்சை நடக்கு. வண்டிய நிறுத்துங்க."

அவன் என்னயும் வயரையும் பாத்தான். என்ன நினைச்சானோ, இஞ்சின அணைச்சுட்டான். உள்ளயும் வெளியயும் லைட்டு மட்டும் எரிஞ்சது. பஸ்ஸுக்குள்ள உள்ளவங்களும் ஜன்னல் வழியா எங்க மாடியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

படியில செருப்புச் சத்தம் கேட்டது. நந்தனா எறங்கி வந்தா. முகத்துல ஒண்ணும் தெரியல்ல எனக்கு. பிஜி ஓடிப் போயி அவளுக்க தோளப் பிடிச்சா, என்னாச்சுன்னு கையாலயும் கேட்டா, வாயாலயும் கேட்டா. பஸ்ஸுக்க முன் சீட்டுல இருந்த ஒரு பெரியவரு என்னப் பாத்து, பிள்ளைக்கு என்ன, எதுக்கு இந்த வயருன்னு கேட்டாரு. எனக்கு வாயி தன்னால வந்துட்டு, அவளுக்குக் காது கேக்காதுன்னு தொடங்கப் போனேன்.

அதுக்குள்ள நந்தனா பஸ்ஸு வெளிச்சத்துக்கு நடுவுல போயி நின்னா. அந்த ஆளுக்க உதட்டப் பாத்திருக்கா. அத்தன பேரு முன்னால, ரோட்டுல வச்சு, அந்தக் கரகரத்த சத்தத்துல சொன்னா:

"கம்ப்யூட்டர் பரீச்சை. சார் கேட்டாரு, நான் சொன்னேன். பாஸு. இனி வண்டி போலாம்."

நான் வாயத் தெறக்காம கம்பத் தாழ்த்தினேன்.